இறைவன் சித்தமும் உயிரின் இச்சையும்

உயிர் ஒன்றனை விரும்புவதும் ஒன்றனை வெறுத்து விடுப்பதும் தன்னுரிமையானோ, தன்னை ஆளும் இறைவன் ஆணையானோ என்னும் வினா, கடவுள் ஒருவர் உளர் என்று கொள்ளும் சமயம் எதனையும் விட்டு நீங்குவதன்று. தன்னுரிமையான் எனின், இறைவனது முதன்மை உயிரின் வாயிலிற் காத்து நிற்பதாய் முடியும். ஆணையான் எனின், உயிர் செய்யும் பிழை இறைவன்மேற் சென்று பற்றும். கிறித்தவ ஆசிரியர்கள் இவ்விருதலைக் கொள்ளியினிடையே பதினைந்து நூற்றாண்டுக்கு மேலாக நின்று ஆராய்ந்துள்ளார்கள். அவ்வாராய்ச்சியின் சுவடுகள் சென்னை மாநகரிலும் உள.

மயிலைக் கபாலீச்சரத்திற்கு நெடுந்தொலைவில்லாத செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தில், 1947-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27-ஆம் நாள், தென்னிந்தியத் திருச்சபை நிறுவப்பெற்றது. ஆங்கிலிக்கன் சபையாரும், மெதடிஸ்த சபையாரும், பிரெஸ்பிட்டேரியர் முதலாயினார் முன்னரே கூடி அமைத்திருந்த ஐக்கிய சபையாரும் அன்று ஒருங்கு கூடினர். ஆயர் ஆட்சி பற்றி அவர்களிடையே நெடுங்காலம் நிகழ்ந்த பேச்சு யாவரும் அறிந்தது. சைவ நூல் பயின்றார் நோக்கற்பாலது பிறிதொன்று. மெதடிஸ்த சபையின் முதல்வராகிய ஜான் வெஸ்லி, இறைவன் சிலரை வீட்டிற்கும் சிலரைக் கேட்டிற்கும் முன்னரே குறித்துவிட்டான் என்னும் கொள்கையை 1739-இல் ஒரு சொற்பொழிவில் வன்மையாக மறுத்தவர். பிரெஸ்பிட்டேரியரோ, நிகழ்வன யாவும் இறைவனால் முன் நிறுவப்பட்டன என்று கூறும் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையைத் தலைமேற் கொண்டு வந்தவர். அவ்விரு மரபினரும் ஒரே ஆலயத்தில் ஒரே நாளில் ஒன்றாயினர். விவிலியமும் பழைய விசுவாசப் பிரமாணங்கள் இரண்டும் அவ்வொற்றுமைக்கு அடிப்படையாயின. முன்குறிப்புப் பற்றிய வழக்கு தீர்க்கப்படாமலே ஒருபுறம் வைக்கப்பட்டது. ஒரு சபையை நடத்துவார்க்கு அது தக்க செயலே. தத்துவ நூலார்க்கு வழக்கு வழக்காகவே நிற்கின்றது.

இதனை ஈண்டு எடுத்து ஆராய்தற்குக் காரணம் ஒன்று உண்டு. சைவ மேடைகளிற் கிறித்தவக் கொள்கையை மறுக்கப் புகுவார் பலர், பார்வோன் என்னும் அரசன் நெஞ்சத்தை இறைவனே வன்மைப்படுத்தினான் என்ற வரலாற்றையும், குயவன் ஒரே மண்ணாற் சிறந்த கலத்தையும் இழிந்த கலத்தையும் வனையும் உவமையையும் எடுத்துக் காட்டி, ‘இவ்விறைவன் நடுவிலன்’ என்று கூறிய அளவில் வெற்றி கொண்டதாக அமைந்துவிடுகின்றனர். அவையோரும் கைகொட்டுகின்றனர். ஆனால் அவ்விரண்டும் வரும் இடமாகிய, பவுல் உரோமர்க்கு எழுதிய திருமுகத்து ஒன்பதாம் பகுதியை ஒருமுறை படித்தாரும், அவ்வாசிரியர் அவ்வினாவைத் தாமே தம்மேல் எழுப்பிக்கொண்டு விடையிறுக்க முயல்வதை அறிவர். எதிரி தானே ஆசங்கித்துக்கொண்ட வினாவை எடுத்து அவன்மேல் எறிவது மறுப்பாகாது; அவன் நூலைப் படித்திலம் என்பதற்குச் சான்றேயாகும். சிவஞான சித்தியார்ப் பரபக்கம் ஒவ்வொரு மதத்தையும் முதற்கண் அம்மதத்தார் வாயாலேயே முற்றக் கூறுவித்துப் பின்னரே மறுதலை தொடங்குவது. அம்முறை வழுவாது நிற்றல் சைவர் கடன்.

ஆகலின் முதற்கண் அவர் கொள்கை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பெலாஜியஸ் என்பார், மக்கள் உயிர் நன்மை தீமை இரண்டனுள் எதனையும் கொள்ளும் ஆற்றலுடன் படைக்கப்பட்டது, அவ்வாற்றல் ஆதாமின் பிழையாற் கெட்டுவிடவில்லை என்றார். ஆப்பிரிக்க நாட்டு ஆயராகிய அகஸ்தீன் அதனை மறுத்தார். முதல் மனிதன் வீழ்ந்தபின் மக்கள் விருப்பம் தன்னையே நோக்கி வளைந்து போயிற்று. தன்போக்கில் விடப்படின் அது பாவத்தையே உவந்து பற்றும். இறைவன் அருள் முற்பட்டு வந்து அவ்விருப்பத்தை நிமிர்த்தினாலன்றி அது நிமிராது என்பது அவர் துணிபு. 529-இல் ஆரஞ்சு என்னும் ஊரிற் கூடிய சங்கம் அருளின் முற்பாட்டை ஒப்புக்கொண்டது. இறைவன் எவரையும் தீமைக்கென்று குறித்தான் என்பதனை மட்டும் வெறுத்து விலக்கியது. பின்னர் லூத்தர், கால்வின் முதலாயினார் அகஸ்தீனை மேலும் இறுக்கினர். ஆர்மீனியஸ் வழியினர் நெகிழ்த்த முயன்றபோது 1618, 1619-ஆம் ஆண்டுகளிற் கூடிய டார்ட் சங்கம் அவர்களை விலக்கியது. கத்தோலிக்கருள் மொலீனா என்னும் இயேசு சபைத் துறவி, எந்நிலையில் எவ்வுயிர் எதனைத் தேரும் என்பதை இறைவன் முன்னரே அறிந்து அதற்கேற்ப உலகை அமைத்தான் என்று 1588-இல் ஒரு நடுவழி கண்டார். நுட்பமுடையதெனினும், உயிரின் தேர்வை அறிதல் ஒன்று, அதனை உண்டாக்குதல் ஒன்று என்னும் வேற்றுமையை அது விளக்கியதன்றி, தேர்வு எங்கிருந்து முளைக்கின்றது என்பதைத் தொடவில்லை.

அதனைத் தொட்டவர் அமெரிக்க நாட்டு ஜானதன் எட்வர்ட்ஸ் என்பார். 1754-இல் வெளிவந்த அவரது நூல், கால்வின் வழியினர் எழுதியவற்றுள் தருக்கம் மிக்கது. நியாய நூல் பயின்றாரும் மதிக்கத் தக்கது. உயிர் எப்பொழுதும் தனக்கு மிகவும் நலமாகத் தோன்றுவதனையே பற்றும். மேம்பட்டு நிற்கும் விருப்பம் எதுவோ அதுவே தேர்வாகும் என்பது அவர் முதற்கோள். வேண்டியதைச் செய்யத் தடையின்மையே உரிமை எனப்படும். அதற்கு மேலாக, வேண்டுதலையே வேண்டிக்கொள்ளும் ஓர் உரிமை உண்டென்பார்க்கு, அவ்வேண்டுதற்கு முன் மற்றொரு வேண்டுதலும் அதற்கு முன் பிறிதொன்றும் வேண்டப்பட்டு, முடிவின்றி ஓடும் என்று கடாவுகின்றார். நம்மவர் அனவத்தை என்னும் குற்றம் இதுவே. உடல் இயலாமை வேறு, உள்ளம் இசையாமை வேறு என்றும் அவர் பகுக்கின்றார். கபாலீச்சரத்துக் கோபுர வாயில் அடைக்கப்பட்டமையாற் புறத்தே நிற்பான் ஒருவன். வாயில் திறந்திருக்கவும் உட்புக மனமின்றி மாடவீதியில் விலை பேசித் திரிவான் மற்றொருவன். இருவரும் வழிபட்டிலர். முன்னவன்மேற் குற்றமில்லை, பின்னவன்மேல் உண்டு. பின்னவனைத் தடுத்தது அவன் விருப்பமே, அவ்விருப்பம் அவனுடையதே, ஆதலின் பிழையும் அவனுடையதே. இறைவன் ஆட்சியும் உயிரின் பொறுப்பும் ஒருங்கு நிற்கலாம் என்று எட்வர்ட்ஸ் காட்டும் வழி இது.

சித்தாந்த நூல் வல்லார் இதனை எளிதில் தள்ளார். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்பது மெய்கண்டார் வழியினர் முடிபு. ஒன்றனையும் சாராது, எதற்கும் கட்டுப்படாது, நடுவெளியில் நின்று ‘இதுவோ அதுவோ’ எனத் தூக்கிப் பார்க்கும் உயிர் ஒன்றைச் சித்தாந்தம் எங்கும் கூறவில்லை. அவ்வகையிற் பெலாஜியஸ் கொள்கையினும் எட்வர்ட்ஸ் கொள்கையே சைவத்திற்கு அணித்தாயது. பெலாஜியஸ் கொள்கைக்கு இணையானதொன்றை உமாபதி சிவாசாரியர் 1313-இல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்துட் காணலாம். உயிர் தானே அறிந்து தானே இயங்கிப் பதியைச் சேரும், விகாரமில்லாத இறைவன் அதன்பொருட்டுச் செய்யக்கடவது ஒன்றில்லை என்று கூறும் ஈசுவர அவிகாரவாதம் அது. அங்கு அது மறுக்கப்பட்டது.

அற்றேல், சைவத்திற்கும் எட்வர்ட்சுக்கும் வேற்றுமை எங்கே எனின், இரண்டிடத்து. ஒன்று சொல்லிலே, மற்றொன்று பொருளிலே.

சொல்லை முன்னர் நோக்குவாம் எனின், விவிலியம் தமிழில் வந்த வரலாறு சுவையுடையது. வேப்பேரியில் இருந்து உழைத்த பப்ரீசியஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு மொழிபெயர்ப்புச் செய்தார். யாழ்ப்பாணத்திற் பேர்சிவல் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்பில் உடனுழைத்தவர், பின்னாளிற் சைவதூஷண பரிகாரம் இயற்றிய ஆறுமுக நாவலரே. அது சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, மழவை மகாலிங்கையர் பார்வையிட்டு உடன்பட்டதும் பலரும் அறிந்தது. சீர்திருத்த சபையாரிடையே நிலைபெற்றது 1871-இல் பவர் என்பார் தலைமையில் வெளிவந்த பதிப்பாகும். அதன்கண் இறைவனது ‘வில்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் பெரிதும் ‘சித்தம்’ என வருகின்றது. கர்த்தர் கற்பித்த செபத்திலும், கெத்செமனே என்னும் தோட்டத்தில் இயேசு தம் கருத்தை விடுத்துத் தந்தையின் கருத்திற்கு இசையும் இடத்திலும் அச்சொல்லே உளது. உயிரின் ஆசையோ ‘இச்சை’ எனப்பட்டு, மாம்ச இச்சை, கண்களின் இச்சை, சுய இச்சை என்று இழிபொருளிலேயே மிக வழங்குகின்றது. நல்லாசை கூறவேண்டுமிடத்து அம்மொழிபெயர்ப்பாளர் ‘வாஞ்சை’ என்னும் வேறு சொல்லைத் தேடிக்கொள்கின்றனர்.

சித்தாந்தச் சொல்வழக்கில் இது முற்றும் தலைமாறி நிற்கின்றது. சித்தம் என்பது அந்தக்கரணம் நான்கனுள் ஒன்று, மாயையின் காரியம், சடம். அது பசுவிற்குக் கருவியாவதன்றிப் பதிக்கு உரியதன்று. இச்சையோ, ஞானமும் கிரியையும் போல, இறைவனது சத்தியின் வடிவிற்கே பெயராவது. உயிர்கள் உய்தல் வேண்டும் என்னும் அவனது பேரருளே இச்சாசத்தி எனப்படும். உயிர்க்கும் இச்சை ஞானம் கிரியை மூன்றும் இயற்கையாகவே உள. ஆணவத்தால் மழுங்கிக் கிடக்கின்றன. எனவே சைவன் ஒருவன் தமிழ் விவிலியத்தைத் திறக்குங்கால், இறைவன்மேற் சடக்கருவி ஒன்று ஏற்றப்பட்டிருப்பதையும், சத்தியின் பெயர் குற்றத்தின் பெயராய்க் கிடப்பதையும் கண்டு மருளுகின்றான். இதுபற்றி மொழிபெயர்த்தாரை இகழ்தல் கூடாது. ‘எல்லாம் சிவசித்தம்’ என்று சைவரே நாடோறும் வீட்டிலும் வீதியிலும் கூறுகின்றனர். உலக வழக்கைப் பற்றி அவர் சென்றனர். நூல்வழக்கு அவர்க்குத் தேவையாயிருக்கவில்லை. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில், அதே செபத்தில், ‘திருவுளம்’ என்னும் சொல் வந்திருக்கின்றது. சைவர் செவிக்கும் அது பழகிய சொல். கரணப் பெயரின் இடர்ப்பாடும் அதன்கண் குறைவு. நல்ல மாற்றம்.

சொல் வேற்றுமை சொல்லளவில் நில்லாது. ஆங்கிலத்தில் ‘வில்’ எனவும் இலத்தீனில் ‘வொலுந்தாஸ்’ எனவும் வழங்கும் ஒரு சொல்லின்கீழ் மேல்நாட்டார் அடக்கி வைத்திருப்பது ஒரு பொருளன்று. அதனைச் சித்தாந்த அளவையில் வைத்துப் பிரித்தால், உயிரின் இயற்கையாற்றலாகிய இச்சை ஒன்று. மழுங்கிய அவ்விச்சையைத் தூண்டும் வித்தியாதத்துவமாகிய அராகம் ஒன்று. இது செய்வேன் என எழும் அகங்காரம் ஒன்று. இதுவே தக்கது என நிச்சயிக்கும் புத்தி ஒன்று. நுகர்ச்சியை இன்னதென்று வரையறுக்கும் நியதி ஒன்று. அதற்கு அடியாகிய கன்மம் ஒன்று. இவற்றையெல்லாம் உள்நின்று மறைத்து நிற்கும் ஆணவம் ஒன்று. ‘வில் உரிமையுடையதா’ என்று கேட்பார்க்கு, இவற்றுள் எது என்று மறுவினா எழுப்பாது விடையிறுத்தல் இயலாது. பெலாஜியஸ் உரிமை என்றபோது கருதியது பெரும்பாலும் புத்தியின் நிச்சயத்தை. அகஸ்தீன் அடிமை என்றபோது கருதியது ஆணவத்தாற் கட்டுண்ட இச்சையை. இருவரும் தாம் கண்டதைக் கண்டவாறே கூறினர்; ஒரு சொல்லுக்காகப் போர் புரிந்தனர். கிறித்தவரும் இப்பகுப்பின் தேவையை ஓரிடத்து உணர்ந்தே உள்ளனர். கிறித்துவினிடத்து இறைவிருப்பம் மனித விருப்பம் என இரண்டு உண்டென 680, 681-ஆம் ஆண்டுகளிற் கான்ஸ்டாண்டிநோபிள் நகரிற் கூடிய சங்கம் முடிவு செய்தது. அங்ஙனம் பகுத்தாராயும் நுண்மையை மற்றை உயிர்கள் மாட்டும் செலுத்தியிருப்பின் வழக்குப் பாதி ஒழிந்திருக்கும்.

ஈண்டு அராகம் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். சைவருள்ளும் பலர் அதன் சிறப்பை உணராது ஆசை என்ற அளவில் வெறுத்துப் பேசுகின்றனர். ஆணவத்துள் அழுந்திக் கேவலத்திற் கிடக்கும் உயிர் எதனையும் விரும்புவதில்லை. விரும்பாமை ஆண்டுத் துறவன்று, இருள். இறைவன் அவ்வுயிர்க்கு மாயையினின்று கருவிகளைக் கூட்டுகின்றான். கலை அதன் செயலாற்றலைச் சிறிது நீக்கித் திறக்கின்றது. வித்தை அறிவைத் திறக்கின்றது. அராகம் இச்சையைத் திறக்கின்றது. விளக்கு இரவை முற்றும் நீக்காதாயினும் வீட்டினுள் நடமாடப் போதியதாவதுபோல, இக்கருவிகளால் உயிர் சிறிது அறிந்து, சிறிது விழைந்து, சிறிது செய்து பழகுகின்றது. ஆகவே ஆசை என்பது வீழ்ச்சியின் விளைவன்று. எழுச்சிக்குக் கொடுக்கப்பட்ட முதற்படி. அது தவறான பொருளைச் சென்று பற்றுதற்குக் காரணம் அராகமன்று, அதனோடு கலந்து நிற்கும் ஆணவம். இப்பகுப்பு அகஸ்தீனுக்கு இல்லை. அதனால் அவர் ஆசையையும் அதன் கோணலையும் ஒன்றாகக் கண்டு வருந்த வேண்டியதாயிற்று. அவ்வருத்தத்தின் ஆழம் அவர் தம் வரலாறு கூறிய நூலைப் படிப்பார் நெஞ்சை உருக்குவதே.

இனிப் பொருள் வேற்றுமை. மேம்பட்டு நிற்கும் விருப்பமே தேர்வு எனின், முதல் மனிதனிடத்து அம்முதற்பிழைக்கு உரிய விருப்பம் எங்கிருந்து வந்தது? அவன் இன்மையினின்று படைக்கப்பட்டவன், நல்லனாகவே படைக்கப்பட்டவன், அவனுக்கு முன் வினையில்லை, மலமில்லை. அவனிடத்துள்ள எதுவும் படைத்தவன் கொடுத்ததே. இதற்கு அகஸ்தீன் கூறும் விடை, தீய விருப்பிற்கு ஆக்கும் காரணம் என ஒன்று இல்லை, அது ஒரு குறைவு மட்டுமே, அதன் காரணத்தைத் தேடுதல் இருளைக் கண்ணாற் காணவும் மௌனத்தைச் செவியாற் கேட்கவும் முயல்வதை ஒக்கும் என்பது. எட்வர்ட்சும் ஏறத்தாழ அவ்வழியே சென்று, ஞாயிறு தன் இருப்பால் ஒளிக்குக் காரணமாவது, மறைவால் இருளுக்கு ஏதுவாவது. அதுபற்றி ஞாயிற்றை இருளுடையது என்னலாகாது என்கின்றார்.

உவமை இருளும் ஞாயிறுமே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. திருவருட்பயன் இருள்மலநிலையும் இருளையே உவமையாக எடுக்கின்றது; எடுத்த அளவில் அதனை விட்டு அப்பாற் செல்கின்றது. புற இருள் பொருள்களை மறைப்பினும் ‘இங்கு இருள் உளது’ என்று தன்னைத் தோற்றுவிக்கும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன் இருப்பையும் மறைத்து நிற்கும் என்பது அதன் கருத்து. அகஸ்தீன் காணமுடியாமையை இன்மைக்குச் சான்றாக்கினார். உமாபதி சிவாசாரியர் காணமுடியாமையை அதன் வன்மைக்குச் சான்றாக்கினார். வெறுங்குறைவு இத்துணைச் செயல் செய்யாது. இன்மை எதனையும் வளைக்காது, கட்டாது, மறைக்காது. உயிரின் இச்சையை வளைத்துப் பிடிக்கும் ஒன்று உள்பொருளாகவே இருத்தல் வேண்டும். அது இறைவனால் ஆக்கப்பட்டதாகவும் இருத்தல் கூடாது. எனவே அநாதியாதல் வேண்டும். எட்வர்ட்சின் ஞாயிற்றைப் பற்றியும் ஒன்று கேட்கவேண்டும். ஞாயிறு மறைந்தது எதனால்? தானே மறைந்ததாயின் இருட்கு ஏது அதன் மறைவே. சித்தாந்தத்து ஞாயிறு மறைவதில்லை. கூகைக்கு நண்பகலும் இரவாதல் ஞாயிற்றின் குறையன்று, கண்ணின் குறை என்பது உயிரவை நிலையிற் காட்டப்படும் உண்மை.

இதற்குக் கிறித்தவர் இரண்டு தடை கூறுவர். இரண்டும் ஒதுக்கத் தக்கன அல்ல. இறைவனாற் செய்யப்படாத மலம் ஒன்று என்றும் உளதாயின் அவன் முழுமுதல் ஆதல் யாங்ஙனம் என்பது ஒன்று. முழுமுதற்றன்மை என்பது உள்ளனவெல்லாவற்றையும் தானே ஆக்குதலன்று. தன்வயத்தனாய் எதனாலும் தடைப்படாது அனைத்தையும் நடத்துதலே. மலம் உயிரைப் பற்றுமேயன்றி இறைவனைப் பற்றாது. அவன் திரோதான சத்தியே மலத்தைத் தொழிற்படுத்தித் தேய்விக்கின்றது. நோயைத் தான் உண்டாக்கினாலன்றித் தீர்க்கும் ஆற்றல் மருத்துவனுக்கு இல்லை என்பார் யாரும் இலர்.

மற்றொரு தடை கடியது. மலபரிபாகம் ஓர் உயிர்க்கு முந்தியும் ஓர் உயிர்க்குப் பிந்தியும் வருவது ஏன்? அது வினையால் எனின், அவ்வினையிற் புகுத்திய விருப்பம் வேறுபட்டது ஏன்? மலத்தின் வன்மை மென்மையால் எனின், அவ்வேற்றுமை ஏன்? ‘அநாதியே அவ்வாறு’ என்று சைவர் நிறுத்துவர். ‘இறைவன் திருவுளம் ஆராய்தற்கு அரியது’ என்று கிறித்தவர் நிறுத்துவர். இருவரும் ஓரிடத்து நின்றுவிடுகின்றனரே, வேற்றுமை என்னை என்பது அவர் வினா. நிற்றல் உண்மை, அதனை மறைத்தல் நன்றன்று. ஆனால் நிற்கும் இடம் வேறு. ஒருவர் காரணம் தேடிச் சென்று இறைவனது விருப்பத்தின் வாயிலில் நிற்கின்றனர். ஏன் இவனைத் தெரிந்துகொண்டாய், ஏன் அவனை விடுத்தாய் என்னும் வினா அவன்மேலேயே என்றும் தொங்கி நிற்கும். மற்றொருவர் மலத்தின் வாயிலில் நிற்கின்றனர். வினா சடத்தின்மேல் நிற்கின்றது. அருள் எல்லார்க்கும் ஒருதன்மைத்தாய் மாசின்றி விளங்குகின்றது. ஞாயிறு ஒன்றே எழுகின்றது. பருவம் எய்திய தாமரை அலர்கின்றது, எய்தாதது முகையாய் நிற்கின்றது. எல்லாரும் உய்ய இறைவன் விரும்புகின்றான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய திருமுகம் கூறுகின்றது. வெஸ்லி அதனைப் பற்றி நின்றார். கால்வின் ‘எல்லாரும்’ என்பதற்கு எல்லா வகையாரும் என்று பொருள் கொண்டார். வெஸ்லியின் உள்ளம் சைவத்திற்கு அண்மையது. அவர்க்குத் துணை செய்யும் மலக்கொள்கை அவர் கையில் இல்லை.

உயிர்க்கு என்னதான் உரிமை என்று கேட்பார்க்குச் சிவஞானபோதம் ஐந்தாஞ் சூத்திரம் விடை பகரும். பொறிகள் உயிரான் அறிந்தும் உயிரை அறியா. அதுபோல உயிர் இறைவனான் அறிந்து நிற்கும். காந்தத்தின் முன் இரும்பு இயங்குவது உவமை. இரும்பே இயங்குகின்றது, காந்தம் விகாரப்படுவதில்லை, காந்தமின்றி இரும்பும் இயங்குவதில்லை. மரத்துண்டு அங்கு வைக்கப்படின் அசையாது என்பதனையும் உடன் கருதுக. பிலிப்பியர்க்கு எழுதிய திருமுகத்தில், நும் மீட்பிற்கு நீவிரே முயல்க என்றும், விருப்பத்தையும் செய்கையையும் நும்முள் விளைவிப்பவன் இறைவனே என்றும் அடுத்தடுத்து வருகின்றன. அகஸ்தீன் வழியினர் பின்னதனையும் பெலாஜியஸ் வழியினர் முன்னதனையும் பற்றி இழுத்தனர். சைவன் இரண்டனையும் மாறுபாடின்றி ஒரு மூச்சிற் படிக்கவல்லான். கிறித்தவ நூலுள் இச்சை கிரியை இரண்டும் இறைவன் துணையால் நிகழ்வதனை இத்துணைத் தெளிவாகக் கூறும் இடம் பிறிதில்லை.

இதுகாறும் கூறியது பிறர் மதம். சைவர் தம் வீட்டையும் நோக்குதல் வேண்டும். ‘அவன் அருளால்’ என்னும் சொல் இந்நாளில் மேடைதோறும் முழங்குகின்றது. செய்யவேண்டிய சரியையைச் செய்யாமைக்கும், செய்யத்தகாத வாணிகத்தைச் செய்தமைக்கும், பூசை விட்டொழிந்தமைக்கும், அதுவே விடையாகின்றது. ‘எல்லாம் அவன் செயல், என்னால் ஆவது என்னை’ என்பார் தம்மைப் பத்தாஞ் சூத்திரத்து நிலையினராகக் கருதிக்கொள்கின்றனர். அச்சூத்திரம் கூறுவது ஏகனாகி இறைபணியில் நிற்றல், பணியின்றி நிற்றலன்று. யான் எனது என்னும் செருக்கு இருக்கும்வரை செய்தவன் உயிரே; பயனைக் கூட்டுபவன் மட்டுமே இறைவன் என்பது இரண்டாஞ் சூத்திரத்து முடிபு. கால்வினைப் பழித்து மேடையை விட்டிறங்கி, விதியின்மேற் பாரம் போடும் சைவன், பழித்த கொள்கையையே அதன் தருக்கமும் அச்சமும் இன்றிக் கைக்கொண்டவனாவான். கால்வின் வழியினராவது தாம் தெரிந்துகொள்ளப்பட்டமைக்கு அடையாளம் வாழ்விற் காணவேண்டும் என்று அஞ்சி ஒழுகினர்.

இருவினையொப்புப் பற்றிய உரைவேறுபாடும் இதனொடு தொடர்புடையது. நல்வினையும் தீவினையும் துலாத்தட்டிற் சமமாய் நிற்றலே அது என்பார் உளர். நல்வினைப் பயனிலும் தீவினைப் பயனிலும் விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நோக்கும் அறிவின் நிலையே அது என்பது சிவஞான முனிவர் வழியினர் கொள்வது. முன்னது உண்மையாயின் உயிர் வாளா இருக்க, கணக்குத் தானே முடியும்; உயிரின் இச்சைக்கு ஆண்டு வேலையில்லை. பின்னதே உண்மை என்பதற்கு வேறு காரணங்களும் உள. உயிரின் இச்சை பயிற்சியாற் பண்படவேண்டியது என்பதனை அது ஒன்றே காப்பாற்றுகின்றது என்பதும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது.

முத்தி நிலையில் இச்சை என்னாகும் என்பதில் மட்டும் அகஸ்தீனும் மெய்கண்டாரும் வியக்கத்தக்க அளவு நெருங்குகின்றனர். பாவம் செய்யாதிருக்க வல்லமை முதல் மனிதன் உரிமை. பாவம் செய்யவே இயலாமை பேறுற்றார் உரிமை. பின்னதே பெரிய உரிமை என்பது அகஸ்தீன் கூற்று. தேர்தற்கு இரண்டு பொருள் முன்னிற்றலே உரிமை என்று கருதும் இக்காலத்தார்க்கு இது விளங்குதல் அரிது. சித்தாந்திக்கு அரிதன்று. முத்தியில் உயிர் கல்லைப்போற் கிடக்கும் என்ற பாடாணவாதியைச் சங்கற்ப நிராகரணம் மறுத்தது. இச்சை அங்கு அழிவதில்லை. பதினொராஞ் சூத்திரம், கண்ணுக்குப் பொருளைக் காட்டித் தானும் உடன் காணும் உயிரைப்போல, உயிர்க்குக் காட்டி உடன் காணும் இறைவனைக் கூறி, அதன்பின்னரே மறவாத அன்பினால் உயிர் அவன் திருவடியைச் சென்று அணையும் என்கின்றது. செல்லுதல் உயிரின் வினையாகவே அங்கு வைக்கப்பட்டுள்ளது. அன்பு என்பது இச்சையின் முதிர்ந்த பெயர். அதற்கு முன் மறவாமை என்னும் அடை வந்ததேயன்றி, தேர்ந்துகொள்ளுதல் என்னும் பொருள்படும் சொல் ஒன்றும் வரவில்லை.